மார்கழிக்காக ஒத்திப்போட்ட ஹீட் பம்ப்

ஹீட் பம்ப் முதன்முதலாக ஓடிய பொங்கல் காலையில் நானும் மனைவி சுகந்தியும் கைக்குழந்தையும் இருந்தோம். அம்மா இல்லை; இலங்கையில் எங்கள் ஊரான யட்டவத்தவிலிருந்து கைப்பேசியில் பார்த்துக் கும்பிட்டார். இந்த அமெரிக்க நகரத்தில் வீட்டைச் சூடாக்க ஓர் இயந்திரம் வேண்டும். அது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வகையென்றால், வாங்கியவரின் வருமான வரியில் அரசாங்கம் ஒரு பகுதியைக் கழித்துவிடும். இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். "இங்க மோட்டார் சைக்கிள் வாங்கினா வெலைக்கு மேல வரி. அங்க வாங்கினா வரியக் கொறைக்கிறானா? ஏமாந்துறாதடா." எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான், நான் வாசித்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தக் கழிவில் அம்மா பேத்தியைப் பார்க்க வர டிக்கெட் போடுவதென்று முடிவாயிற்று.

பொருத்துபவர் டிசம்பர் நடுவில் நாள் தந்தார். அம்மா பதறினார். "மார்கழி பொறந்துருமே ராசா. புதுசா ஒன்னும் பூட்டாதீங்க. தை பொறக்கட்டும்."

"அத்தைக்கென்ன, அங்க ஸ்வெட்டரே வேணாம். இங்க புள்ள மூக்கு செவந்து கெடக்கு" என்றாள் சுகந்தி.

நான் நடுவழி கண்டேன். காசைக் கார்த்திகையிலேயே முழுதாகக் கட்டி, பொருத்துவதைத் தைக்குத் தள்ளினேன். காரணம் கேட்டவரிடம், "இது கடவுளுக்கான மாதம்" என்றேன். "தெரியுமே, கிறிஸ்மஸ். என் ஆட்களும் லீவு கேட்கிறார்கள்" என்று அவர் மகிழ்ச்சியோடு ஜனவரியைக் குறித்துக்கொண்டார். அதுவரை வீட்டைச் சூடாக்கிய பழைய பாய்லர் பாதி உயிரோடு இருந்தது. மூவரும் ஒரே அறையில் முடங்கினோம்.

வரிப் படிவம் நிரப்பித் தரும் பெண் ஒரே கேள்விதான் கேட்டார். "எப்போது பொருத்தி முடித்தார்கள்?"

"பொங்கலன்று."

"அது எப்போது?"

"ஜனவரி. ஆனால் பணம் டிசம்பரிலேயே கட்டிவிட்டேன்."

"பணம் கட்டிய நாள் கணக்கில்லை. சலுகையே டிசம்பரோடு முடிந்துவிட்டது." அவர் குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் அதிகம் சுட்டது.

"டிக்கெட் போட்டாச்சாய்யா?" என்று அம்மா இப்போதும் கேட்கிறார்.

"சீசன்ல வெலை கூடம்மா" என்கிறேன்.

"உள்ளதச் சொல்லித் தொலைங்களேன்" என்று சுகந்தி பல்லைக் கடிக்கிறாள். எதைச் சொல்வது? மார்கழியை மதித்த அம்மாவிடம் மார்கழிதான் டிக்கெட் காசைத் தின்றது என்றா, படித்த மகன் சரியாகப் படிக்கவில்லை என்றா? போன தொகையைக்கூட எந்த ஊர்க் கணக்கில் சொல்வதென்று தெரியவில்லை. இங்கே இரண்டாயிரம் டொலர். யட்டவத்தவில் ஏறக்குறைய ஆறு லட்சம் ரூபா.