கச்சேரி என்று எழுதினேன்

வட்ட முத்திரை குத்திய அந்தத் தாளை மாமனார் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. திருவிழாவுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கிய, கன்னடத்தில் எழுதிய அனுமதிக் கடிதம். நேராகக் கொண்டுபோய் மாரியம்மன் படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டார். அவருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான்தான். நான் எழுதிக் கொடுத்த மனுவுக்குத்தானே அனுமதி வந்திருக்கிறது, அதில் படிக்க என்ன இருக்கிறது என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். அப்படி ஒரு மெத்தனம் எனக்கு.

மாமனாருக்கு ஊர், கர்நாடக எல்லையில் தமிழர்கள் வாழும் மார்டள்ளிப் பக்கம். மைசூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக இருந்தார். எங்கள் தெருவில் பாதிப் பேர் கட்டட வேலைக்காரர்கள்; தெருமுனைக் கோயிலும் அவர்கள் கட்டியதுதான். அந்த ஆண்டு திருவிழாவுக்குக் கொள்ளேகாலத்திலிருந்து பாட்டுக் குழுவை அழைப்பதென்று முடிவாயிற்று. அதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும். பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட எல்லோரும் நழுவ, இவர் முன்னால் போய் நின்றார். அவர் வேலையில் நீடிக்க, வருஷாவருஷம் பெயரில் வழக்கு எதுவும் இல்லையென்று போலீஸ் சான்று காட்டியாக வேண்டும். ஒரு வழக்கு விழுந்தால் வேலை போய்விடும்.

"கச்சேரி நடத்தோணும், அனுமதி குடுங்கன்னு எழுது அம்மிணி" என்றார். நான் மைசூரில் பிறந்து கன்னடத்தில் படித்தவள். தமிழ் எனக்குக் காதோடு சரி. காது தமிழில் கேட்டதைக் கை கன்னடத்தில் எழுதியது. கோயில் பக்கத்தில் பந்தல் போட்டுக் கச்சேரி நடத்த அனுமதி வேண்டும். முன்னால் சங்கீத என்று ஒரு சொல் சேர்த்திருக்க வேண்டும். வெறும் கச்சேரி என்றால் கன்னடத்தில் ஆபீஸ். இது எனக்குத் தெரியாததா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

விழாவன்று சாயங்காலம், மேடையில் ஒட்ட ஒரு நகல் எடுத்து வருகிறேன் என்று மாமனாரிடம் சொல்லிவிட்டுத் தாளைப் பிரித்தேன். விழாக் குழுவினர் பந்தலில் தற்காலிக ஆபீஸ் வைத்துக்கொள்ளலாம், ஒலிபெருக்கி கூடாது என்று இருந்தது. வெளியே மைக்கை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தெருவே கூடி நிற்கும்போது என் தப்பு என்று எப்படிச் சொல்வது? தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். போலீஸ் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று அம்மனை வேண்டியபடி கூட்டத்தோடு நின்றேன்.

இரண்டாவது பாட்டு நடக்கும்போது ஒரு போலீஸ்காரர் பைக்கை நிறுத்தி அனுமதியைக் கேட்டார். மாமனார் சிரித்த முகமாக என் பக்கம் கையை நீட்டினார். கொடுத்தேன். படித்த போலீஸ்காரர் இது ஆபீஸுக்குக் கொடுத்தது, பாட்டுக்கு அல்ல என்றார். "அர்ஜி யாரு பரெதித்து?" மனு எழுதியது யார் என்று அதட்டினார். மாமனார் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். ஒரே ஒரு கணம்தான்.

"நானே பரெதித்து சார்" என்றார்.

கன்னடத்தில் ஓர் எழுத்தும் தெரியாத மனிதர். நான் கைப்பையை மூடிக்கொண்டேன். பாட்டை நிறுத்திவிட்டு அவரை அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கேஸு போட்டுட்டாங்க. தெரியாமப் பண்ணுன தப்புக்கு அழுவாதே அம்மிணி. ஊட்டுல ஒண்ணும் சொல்லிக்காதே" என்றார். அடுத்த முறை சான்று கிடைக்கவில்லை, வேலை போயிற்று. முழங்கால் வலி, அதனால் வேலையிலிருந்து நின்றுகொண்டேன் என்று வீட்டில் சொன்னார். என் கணவர் இன்றுவரை அதைத்தான் நம்புகிறார்.

இப்போது ரேஷன் கார்டு, பென்ஷன் என்று மனு எழுத வேண்டியவர்களை மாமனார்தான் என்னிடம் அழைத்து வருகிறார். "எங்க மருமவ எழுதுனா ஒரு தப்பு இருக்காதுங்க" என்கிறார். கேலியா என்று முதலில் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. தப்பாக எழுதியவள் நான் என்பது அவருக்குத் தெரியும், அதை எப்போதோ மன்னித்துவிட்டார். முதல் பாட்டு தொடங்கும் முன்பே நான் அந்தத் தாளைப் படித்துவிட்டேன் என்பதுதான் தெரியாது.