கூக்காலுக்கு ஒரு சம்மன்

கோர்ட் சம்மனை வீடு தேடிப்போய்க் கொடுப்பது என் உத்தியோகம். எந்த வீட்டிலும் ‘உள்ள வாங்க, காப்பி சாப்பிடுங்க’ என்று சொல்லாத உத்தியோகம். வாய்தாவுக்கு வாய்தா அலைகிற புண்ணியவான்களே, ‘பிரதிவாதிக்கு இன்னும் சம்மன் சேரலை’ என்று கோர்ட்டில் சொல்லக் கேட்டு நீங்கள் பல்லைக் கடித்த நாளில், மலையில் ஏதோ ஒரு வளைவில் நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றிருப்பேன்.

பஸ் வந்தால் ஆள் இல்லை

கூக்கால் என்கிற மலைக்கிராமத்தில் கமலம் என்று ஒரு அம்மா. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம், கூலி வேலை. அவள் வீட்டுக்குப் போகிற ஒரே பாதையில் பக்கத்துத் தோட்டக்காரர் துரைப்பாண்டி கம்பிவேலி போட்டுவிட்டார். கமலத்தின் கணவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஆஸ்பத்திரி போகிற நாளெல்லாம் நாலு பேர் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கி ஏறவேண்டும். மழை பிடித்தால் அதுவும் முடியாது. வேலியை எடுக்கச் சொல்லி வழக்குப் போட்டாள். துரைப்பாண்டிக்குச் சம்மன் சேராமல் வழக்கு ஒரு அடி நகராது.

கூக்காலுக்கு பஸ்ஸே குறைச்சல். யார் இறங்கினாலும் ஊருக்கே தெரிந்துவிடும். நான் மேடேறி வாசலுக்குப் போவதற்குள் மனிதர் பூண்டுக் காட்டுக்குள் மாயம்! குடித்த காப்பி டம்ளரில் இன்னும் ஆவி பறக்கிறது. அவர் மனைவி செல்லத்தாய் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “அவுக மதுரைக்குப் போயிருக்காக. எப்ப வருவாகன்னு தெரியாதுங்க.” ‘நீங்களே வாங்கிக்கலாம்’ என்று நான் வாயெடுப்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாட்சி சிக்கவில்லை

ஆள் சிக்காவிட்டால் சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டு வரலாம். ஆனால் சாட்சிக் கையெழுத்து வேண்டுமே! இரண்டாவது தடவை போனபோது டீக்கடையில் அத்தனை பேரையும் கேட்டேன். பேனாவைப் பார்த்ததும் ஒருத்தருக்குக் கண் தெரியவில்லை, ஒருத்தருக்குக் கை நடுக்கம், மூன்றாமவர் மாடு தேடிப் போய்விட்டார். துரைப்பாண்டியைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் துணிச்சல் இல்லை.

வெறுங்கையோடு ஆபீசுக்குத் திரும்பினால், எங்கள் சீனியர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “ஆளு இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வேற சோலியப் பாரும்மா. நமக்கென்ன வந்துச்சு?”

வராந்தாவில்

எழுதிக் கொடுத்திருப்பேன், பொய் சொல்வானேன். வெளியே வந்தால் கமலம் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த வாய்தாவைக் கேட்டுவிட்டு கடைசி பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சம்மனைக் கொடுக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவுகட்டினேன். அவள் சொன்னது இதுதான்: “இனி ஏலாது மிஸ். போன தடவ கட்டில் சரிஞ்சு அவரு ஓடைக்குள்ள வுழுந்துட்டாரு.”

கேரட் வேன்

நாயுடுபுரத்தில் எங்கள் தெருவில் காய்கறி மண்டி வைத்திருக்கும் பாயின் வேன் வெள்ளனே கூக்காலுக்குக் கேரட் ஏற்றப் போகும். விஷயத்தைச் சொன்னேன். “ஏறுங்கம்மா, எடம் கெடக்கு” என்றார். வேனை யார் சட்டை செய்கிறார்கள்? நேரே துரைப்பாண்டி வாசலில் இறங்கினேன். செல்லத்தாய் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திண்ணையில் இருந்த துரைப்பாண்டி உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அங்கிருந்தே ஒரு சத்தம்: “அடியே, நான் மதுரையில இருக்கேன்னு சொல்லு!”

“அவர் மதுரையிலேயே இருக்கட்டும். வீட்ல பெரியவங்க யாரு வாங்கினாலும் செல்லும், நீங்களே வாங்கலாம்” என்று செல்லத்தாயிடம் சொன்னேன். கட்டில் சரிந்த கதையையும் சொன்னேன். “தெரியும்க்கா. அன்னைக்கு அவரத் தூக்கிவிட்டவுகள்ல நானும் ஒருத்தி. இவுகளுக்குத்தான் தெரியாது” என்றாள். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்து, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“போயிட்டாளா?” என்றது உள்ளே இருந்த மதுரை. செல்லத்தாய் தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்: “சம்மன நான் வாங்கிட்டேன்! வெரசாக் குளிச்சிட்டு வக்கீலப் போய்ப் பாருங்க!”

தீர்ப்பு வரும்வரை பாதையைத் திறந்துவைக்க மழைக்கு முன்பே உத்தரவாகிவிட்டது. அந்தத் தீர்ப்பு எப்போது வரும் என்று என்னைக் கண்ட இடமெல்லாம் ஓடிவந்து கேட்கிறவர் இப்போது துரைப்பாண்டிதான்.