கட்டாரில் ஒரு கபுறு

நஜ்முன் நிஸாவின் கணவர் முஹம்மது தம்பி கட்டாரில் மௌத்தாகி அங்கேயே அடக்கப்பட்டதாகத்தான் கிண்ணியாவில் எல்லோரும் நம்புகிறார்கள். அந்தப் பொய்யைக் கட்டிக் காத்ததில் பாதிப் பங்கு எனக்கு. நான் பக்கத்து வீட்டு ஸுல்பிகா. நிஸாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது.

கட்டாருக்குப் போகக் கொழும்பில் காத்திருந்த மனிதர், தங்கியிருந்த இடத்தில் நடந்த சண்டையில் ஒருவரைத் தள்ளிவிட, விழுந்தவர் இறந்துபோனார். பத்து வருடச் சிறை. கொண்டுவந்து போட்டதோ, எங்கள் கடற்கரையில் நின்றால் தெரியும் சங்குத்தீவுச் சிறையில். ஊர் வாய்க்குப் பயந்து நாங்கள் அவரைக் கட்டாரிலேயே வைத்திருந்தோம். நாலாம் வருடம் காய்ச்சலில் போய்விட்டார். ஜனாஸாவைப் பொறுப்பேற்பீர்களா என்று சிறையிலிருந்து கடிதம் வந்தது. மகள் ரிஸ்லாவுக்கு அப்போது ஐந்து வயது. கொலைகாரன் மகள் என்று அவளைச் சொல்வார்களே என்று நிஸா அழுதாள். ஏலாது என்று பதில் எழுதியது இந்தக் கைதான். நாசமாய்ப்போன கை.

சிறையை மூடி, இப்போது அங்கே சுற்றுலாப் படகு விடுகிறார்கள். குளிர்பானக் கடை இருக்கிறது. கம்பிக்குப் பின்னால் நின்று படம் எடுக்க வரிசை வேறு. பெருநாள் லீவில் ரிஸ்லா எங்கள் இருவரையும் கூட்டிப் போனாள். எந்நேரமும் முழங்கால் நோவென்று சொல்லும் நிஸா முதல் ஆளாகப் படகில் ஏறினாள். வாப்பாவின் கபுறைப் பார்க்கக் கட்டாருக்குப் போவதென்று ரிஸ்லா பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டாள். இனி மறைக்க முடியாது, தீவில் வைத்தே மகளிடம் சொல்லிவிடுகிறேன் என்று நிஸா எனக்கு வாக்குத் தந்திருந்தாள்.

அறைகள் எதையும் அவள் பார்க்கவில்லை. பின்பக்கம் முள்வேலிக்கு அப்பால், மீஸான் கல்கூட இல்லாத மண்மேடுகள். இறந்த கைதிகளை அடக்கிய இடம் என்று பலகையில் எழுதியிருந்ததை நான் வாசித்துச் சொன்னேன். நிஸா வேலியைப் பிடித்துக்கொண்டு ஓதத் தொடங்கினாள்.

"ஆருக்கு உம்மா ஓதுறீங்க?" என்றாள் ரிஸ்லா.

நிஸா என்னைப் பார்த்தாள்.

"இஞ்ச கிடக்கிற ஆக்களுக்கு."

நல்ல பிள்ளை அவள். போனைப் பைக்குள் வைத்துவிட்டுத் தானும் கையேந்தி ஓதினாள். முடித்து, கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டாள்.

"கட்டார்ல வாப்பாட கபுறடியிலயும் ஆராவது இப்பிடி நிண்டு ஓதுவாங்களா உம்மா?"

நிஸா வேலியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஓம் மகள். இண்டைக்கு ஓதியிருப்பாங்க."