கரடித் தலைக்குள் இருந்த வருடங்கள்

நான் முதன்முதலில் போட்டது பன்றி வேஷம். கஹவத்தைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில் கோயில் திருவிழாவுக்கு ஒரு கூத்து நடக்கும். அதில் அம்பு பட்டுச் சாகிற காட்டுப்பன்றி ஒன்று வரும். ராஜா வேஷத்துக்கு எங்கள் லயத்து வீடுகளில் அடிதடியே நடந்தது. பன்றிக்கு ஆள் கிடைக்கவில்லை. எனக்குப் பாட்டு வராது, உயரமும் கூத்துக்கு ஒத்துவராத உயரம். அதனால் சாக்கைத் தைத்து என் முதுகில் கட்டிவிட்டார்கள். சுருக்குக் கம்பியில் மாட்டிய பன்றி எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் மலையில் பார்த்திருக்கிறேன். ஒரேயடியாக விழாது. முதலில் பின்னங்கால்கள் போகும். அதற்குப் பிறகும் முன்னங்காலால் மண்ணைத் தோண்டிக்கொண்டே இருக்கும். அப்படியே செய்தேன். சிரித்துக்கொண்டிருந்த சனம் அடங்கிப்போனது.

அந்தக் கூட்டத்தில் ஒரு சிங்கள டைரக்டர் நின்றிருந்தார். டெலிநாடகம் ஒன்றுக்கு இடம் பார்க்க வந்து தோட்டத்துத் துரையின் பங்களாவில் தங்கியிருந்தவர். மறுநாள் நான் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்த மலைக்கே ஏறி வந்துவிட்டார். தொண்ணூற்றிரண்டாம் வருடம் அது. எனக்கு மீசை சரியாக வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"நேத்து பன்றிக்குள்ள இருந்தது நீயா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஆமா மாத்தயா."

"சிங்களம் நல்லா பேசுறியே, யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் சொல்லிக்கொடுக்கல மாத்தயா. கடைத்தெருவுல எல்லாரும் பேசுறதுதானே."

அவர் என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். மாடு வாங்குகிறவர் பார்ப்பது போல என்று அப்போது தோன்றவில்லை. "எங்களுக்கு ஒரு கரடி வேணும். கொழும்புக்கு வர்றியா?" என்றார். பால் வாளியை மரத்தடியில் வைத்துவிட்டு அம்மாவைத் தேடி ஓடினேன்.

அம்மா அடுத்த மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பா இறந்த பிறகு அவள் ஒருத்தியின் கைதான் எங்களை வைத்திருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மனுசனா நடிக்கக் கூப்பிட்டா போ. கரடியாவா?" என்றாள். "மொதல்ல கரடி, பொறவு மனுசனாக்கிருவாங்கம்மா" என்றேன். அதை நான் நம்பித்தான் சொன்னேன்.

கொழும்பில் எனக்குக் கொடுத்த கரடித் தலை ரப்பர் பாலில் வார்த்தது. முதல் நாள் அதற்குள் முகத்தை நுழைத்ததும் எங்கள் பால் ஸ்டோரின் புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. கண்ணுக்கு இரண்டு சின்ன ஓட்டை, மூச்சுக்கு மூக்கில் ஒரு ஓட்டை. உடம்புக்கு ஸ்பொஞ்சும் அதன் மேல் சாயம் போட்ட தேங்காய்த் தும்பும். நாடகம் சிறுவர்களுக்கானது. காட்டில் வழி தவறிய பிள்ளைகளைக் கரடி வீடு சேர்க்கும். கரடி பேசவும் செய்யும். அந்தக் குரல் எனதல்ல, கொழும்பில் பேர் பெற்ற ஒரு மேடை நடிகருடையது. நான் உள்ளேயிருந்து தாடையை மட்டும் அசைப்பேன்.

நாடகம் பிடித்துக்கொண்டது. கரடிப் படம் போட்ட பள்ளிக்கூடக் கொப்பிகள் வந்தன. படப்பிடிப்பு நடந்த ஊர்களில் பிள்ளைகள் ஓடி வந்து என் வயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். தலையைக் கழற்றிவிட்டு வெளியே வந்து நின்றால் அதே பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போய், "கரடி எங்க?" என்று கேட்பார்கள். முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

நாடக முடிவில் பெயர்கள் ஓடும் எழுத்தோட்டத்தில் என் பெயருக்குப் பதிலாக ஒரு சிங்களப் பெயர் போட்டிருந்தார்கள். டைரக்டரிடம் கேட்டேன். "உன் நல்லதுக்குத்தான். காலம் சரியில்ல, தெரியும்தானே" என்றார். தெரியும். யுத்த காலம். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கும்போது அடையாள அட்டையில் உள்ள பெயர் எப்படி வேலை செய்யும் என்று தெரியாத தமிழன் அந்நாளில் இல்லை. ஆனால் ஒரு பையன் கரடி வேஷம் போட்டதற்குமா பெயரை மறைக்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பும் சந்தியில் ஒரு சிங்கள முதலாளியின் தேத்தண்ணிக் கடை இருந்தது. அங்கேதான் டிவி. சனிக்கிழமை பின்னேரம் அம்மா போய் வாசலில் நின்று பார்ப்பாள். நான் ஊருக்குப் போனபோது கேட்டேன்.

"எப்படிம்மா இருந்துச்சி?"

"கரடி நல்லாத்தான் இருந்துச்சி. நீ எங்கடா இருந்த?"

"அதுக்குள்ளதாம்மா."

"உள்ள இருந்தா எனக்கு என்ன தெரியும்? ஒம் மூஞ்சிய ஒருக்கா காட்டச் சொல்லு."

கரடிக்குப் பிறகு ஆளை விழுங்கும் மரம், பள்ளத்தாக்குப் பேய், மனிதக் குரங்கு என்று வரிசையாக வந்தன. வேறு டைரக்டர்களும் கூப்பிட்டார்கள். "அந்தக் கரடிக்காரனைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார்கள். நான் வேலையைக் கேவலமாகச் செய்யவில்லை. பெல்மதுளைப் பக்கக் கோயில் ஒன்றில் குரங்குகளைப் பார்த்துக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். குரங்கு ஒரு பொருளை எடுக்கும் முன் அதைப் பார்க்காதது போல வேறு பக்கம் பார்க்கும். அதை நான் செய்தபோது கமரா பிடித்தவர் மட்டும் என் தோளைத் தட்டினார். மற்றவர்களுக்கு அது வெறும் உடுப்பு.

எம்பிலிப்பிட்டியப் பக்கம் ஒரு குளத்தில் சினிமாப் படம் ஒன்று எடுத்தார்கள். நான் சேற்றிலிருந்து எழுந்து வரும் பிசாசு. எங்கள் ரப்பர் மர நிழலில் வளர்ந்தவனுக்கு அந்த ஊர் வெயில் ஆகாது. உடுப்பு தண்ணீரை உறிஞ்சிக் கல்லாகக் கனத்தது. கரையில் நாலு அடி வைத்ததும் கண் இருண்டது. முழங்காலில் விழுந்தேன், பிறகு முகம் குப்புற. கையை அசைத்து உதவி கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. யாரும் வரவில்லை. கை தட்டும் சத்தம்தான் கேட்டது. பிசாசு சாவதை நான் பிரமாதமாகச் செய்கிறேன் என்று நினைத்து எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கடைசியில் உடுப்பு மாட்டிவிடும் பெண் வந்து பிசாசுத் தலையைக் கழற்றிப் பார்த்துத்தான் கத்தியிருக்கிறாள். அந்தக் காட்சி படத்தில் இருக்கிறது. பார்த்தவர்கள் இன்றைக்கும் நல்ல நடிப்பு என்கிறார்கள்.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணமானது. எஹலியகொடப் பக்கத் தோட்டத்துப் பெண். சம்பந்தம் பேசும்போது, மாப்பிள்ளை டிவியில் நடிக்கிறார் என்று கேட்டு அவள் வீட்டில் என் போட்டோவுக்காகப் பழைய பத்திரிகைகளைப் புரட்டியிருக்கிறார்கள். கரடிதான் கிடைத்தது. அவள் சிரித்துவிட்டுச் சம்மதித்தாள். பிறகு சிரிப்பு குறைந்தது. பசையாலும் வியர்வையாலும் என் கழுத்து புண்ணாகியே கிடக்கும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, "இவ்வளவு வருசமா அவங்கக்கூட இருக்கீங்க. ஒரு கடக்காரனா, ஒரு ட்ரைவரா நிக்க வைக்கக் கூடாதா?" என்பாள்.

நான் கேட்காமல் இல்லை. கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். முதல் டைரக்டர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொன்னார். உயரம் அதிகம் என்றார். முகத்தை யாருக்கும் தெரியாது என்றார். முகத்தைக் காட்டாமல் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "சரி சரி, பாப்போம்" என்று தோளில் கை போட்டார். அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை செய்தபோது தன் காரை அனுப்பியவர் அவர்தான். அதனாலேயே அவர் மேல் கோபப்படுவதும் எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

யுத்தம் மறுபடி மூண்டு உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த வருடத்தில் அவரே போன் செய்தார்.

"உனக்கு ஒரு வேஷம் இருக்கு. மொகம் தெரியும், வசனமும் இருக்கு. கடைசி வரைக்கும் வர்ற ஆள்."

மனைவி என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டாள். அம்மாவிடம் சொன்னேன். கண் தெளிந்திருந்த சமயம் அது. "இப்பவாச்சும் பாத்துருவேன்" என்றாள்.

கொழும்பில் அவருடைய ஆபீஸில் கதை சொன்னார். வடக்கிலிருந்து வந்த ஒருவன் ஒரு தோட்டத்து லயத்தில் கூலிக்காரன் போல ஒளிந்திருக்கிறான். டவுனில் குண்டு வைக்கத் திட்டம். ஒரு இராணுவ வீரன் கண்டுபிடித்து அவனைச் சுடுகிறான்.

"நான் யாரு மாத்தயா? சுடுற ஆளா?"

"இல்லப்பா. நீதான் கொட்டியா."

சிங்களத்தில் புலிக்கும் அதுதான் சொல், புலிகள் இயக்கத்துக்காரனுக்கும் அதுதான் சொல். ஏற்கெனவே ஒரு சிறுவர் நாடகத்தில் கோடு போட்ட உடுப்போடு நான் கொட்டியாவாக நடித்திருந்தேன். அதை ஞாபகப்படுத்தினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியா, உனக்குப் பழக்கமான வேஷம்தான்" என்றார். மேசையைச் சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

நான் எழுந்து வந்திருக்கலாம் என்று இப்போது சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேஷம் போட ஆரம்பித்துப் பதினைந்து வருடமாக என் முகத்தை ஒருவரும் கேட்டதில்லை. இப்போது கேட்டார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

படப்பிடிப்பு ஒரு தோட்டத்திலேயே நடந்தது. முதல் காட்சியில் கடைக்காரரிடம் நான் சிங்களத்தில் பேச வேண்டும். பேசினேன். டைரக்டர் நிறுத்தினார்.

"உன் சிங்களம் ரொம்ப நல்லா இருக்கு. இப்படிப் பேசினா யாரு நம்புவாங்க? ஒடைச்சுப் பேசு."

"லயத்து ஆளுங்க எல்லாம் இப்படித்தானே பேசுறோம் மாத்தயா?"

"பாக்குற சனத்துக்கு அது தெரியாது."

உடைத்தேன். எந்தத் தமிழனும் பேசாத ஒரு சிங்களத்தைப் பேசினேன். போனில் கூட்டாளியோடு பேசும் காட்சியில், "தமிழ்ல ஏதாச்சும் பேசு, கீழ எழுத்துப் போடுறோம்" என்றார்கள். எனக்கு யாழ்ப்பாணத் தமிழ் வராது. எங்கள் தோட்டத்துப் பேச்சிலேயே, "சாப்பிட்டீங்களா, பிள்ளைங்க சுகமா இருக்காங்களா, மழ பேயுதா" என்று கேட்டேன். கீழே அவர்கள் குண்டு வைக்கிற நேரத்தைப் போட்டார்கள்.

சாகிற காட்சியைப் பன்றி செத்தது போல செய்யவில்லை. நேராக நின்று விழுந்தேன். மனிதனாகச் சாக வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். டைரக்டருக்கு அது பிடிக்கவில்லை. "ரொம்ப மரியாதையா சாகுற. துடி" என்றார். துடித்தேன்.

ஒளிபரப்பான அன்று அம்மா முதலாளியின் கடைக்கே போனாள். வீட்டுக்கு டிவி வந்துவிட்டிருந்தும் பத்துப் பேரோடு சேர்ந்து பார்க்க ஆசைப்பட்டாள். நான் தூரத்தில் ஒரு வேலையில் இருந்தேன். மனைவி கூடப் போயிருந்தாள். அவள் சொல்லித்தான் தெரியும். ஆரம்பத்தில் அம்மா பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்களிடம், "மகே புத்தா," என் மகன், என்று காட்டியிருக்கிறாள். கதை போகப் போகக் கடையில் பேச்சு நின்றுவிட்டது. நான் சுடப்பட்டு விழுந்ததும் யாரோ கை தட்டினார்கள். முதலாளி எழுந்து டிவியை அணைத்துவிட்டு, "அம்மே, வீட்டுக்குப் போங்க" என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். "மூஞ்சி நல்லா தெரிஞ்சிச்சி" என்றாள்.

அதற்குப் பிறகு கஹவத்தை பஸ்ஸில் என்னைத் தெரியாதவர் இல்லை. கரடியாக இருந்தபோது யாரும் எழுந்து இடம் கொடுத்ததில்லை. இப்போது நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து முன்னே போய் நின்றார். ஒரு குழந்தை என்னைப் பார்த்துவிட்டுத் தாயின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தது. லயத்துக்காரர்களும் முகம் கொடுக்கவில்லை. நாடகம் வந்த பிறகு லயங்களில் இராணுவத் தேடுதல் கூடியது என்பது அவர்கள் எண்ணம். பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவர் என்னிடமே கேட்டார்: "லயத்துல ஒளிஞ்சிருக்கான்னு காட்டுனீங்களே தம்பி, ஒளிச்சி வச்ச சனம் யாருன்னு நெனைப்பாங்க? நாங்கதானே?"

ஒருநாள் தேடுதலுக்கு வந்தவர்கள் என்னையே விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். நாடகத்தில் துவக்கைப் பிடித்த விதம் பழகிய கை போல இருக்கிறது, எங்கே பயிற்சி எடுத்தாய் என்று அதிகாரி கேட்டார். படப்பிடிப்பில் சொல்லிக்கொடுத்தது என்றேன். நான் நடிகன், சிறுவர் நாடகத்தில் வந்த கரடி நான்தான் என்றேன். அவருக்கு அந்தக் கரடியைத் தெரிந்திருந்தது. சின்ன வயதில் பார்த்திருப்பார்.

"நீயா? அப்ப செஞ்சு காட்டு."

சிமெந்துத் தரையில் நாலு காலில் நின்றேன். தோளை உருட்டி, தலையைத் தாழ்த்தி, அந்த நடையை நடந்தேன். என் உடம்புக்கு அது நடப்பதை விடப் பழக்கம். ஆனால் தலையும் உடுப்பும் இல்லாமல் செய்தால் கரடி வராது. ஒரு மனிதன் தரையில் தவழ்வதுதான் தெரியும். அவருக்கும் அதுதான் தெரிந்திருக்க வேண்டும். "எழும்பு, எழும்பு" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். டைரக்டருக்குப் போன் போட்டு உறுதி செய்த பிறகு விட்டார்கள். டைரக்டர் போனில் என்னிடமும் பேசினார். "பாத்தியா, எவ்வளவு இயற்கையா நடிச்சிருக்க" என்றார். ஆறுதல் சொல்கிறதாகத்தான் நினைத்தார்.

அந்த நாடகத்துக்கு அவருக்கு விருது கிடைத்தது. மேடையில் பலருக்கும் நன்றி சொன்னார். இடம் கொடுத்த தோட்டத்துத் துரைக்கும் சொன்னார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்தது. டவுனில் பட்டாசு வெடித்துப் பாற்சோறு கொடுத்துக் கொண்டாடினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். சில வாரங்களில் டைரக்டர் மறுபடி கூப்பிட்டார். யுத்த நாடகங்களுக்கு இப்போது நல்ல கிராக்கி, அதே போல வேஷங்கள் நிறைய இருக்கின்றன என்றார்.

"கரடி மாதிரி ஏதாச்சும் இல்லையா மாத்தயா?"

"இப்ப யாரு அதெல்லாம் பாக்குறாங்க?"

"அப்ப எனக்கு வேணாம்."

நான் நன்றி மறந்துவிட்டேன் என்றார். பிறகு அவர் கூப்பிடவில்லை, மற்றவர்களும் கூப்பிடவில்லை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு தோட்டத்தில் அவள் பால் வெட்டிய மலையையே எனக்குக் கொடுத்தார்கள். கை பழைய பழக்கத்துக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. கழுத்துப் புண் ஆறிவிட்டது.

அந்தக் கொட்டியா நாடகத்தை இப்போதும் இடைக்கிடை மறுபடி போடுகிறார்கள். போடுகிற நாட்களில் நான் கடைத்தெருவுக்கு இறங்குவதில்லை. மனைவி போய்ச் சாமான் வாங்கி வருவாள்.