படிக்கட்டு ஓடிய பத்து கிலோமீட்டர்

இருபத்திரண்டு வருடமாக லிப்ட் பழுது பார்க்கும் அந்த மெக்கானிக்குக்கு அலுவலகத்தில் 'படிக்கட்டு' என்று பெயர். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனால் மற்றவர்கள் லிப்டிலேயே ஒருமுறை ஏறி இறங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இவர் மாடி மாடியாகப் படியேறி, மூடிய கதவில் காதை வைத்துக் கேட்பார். பூட்டு விழும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். பதினான்கு மாடிக் கட்டடம் என்றாலும் அப்படித்தான்.

நாற்பத்து மூன்று வயதில் ஓட்டப் பைத்தியம் பிடித்தது. ஆசை ஒன்றே ஒன்று: பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஓடிவிட வேண்டும். முதல் வருடம் வாரத்துக்கு முப்பது கிலோமீட்டர் ஓடிப் பழகினார். பந்தயத்தில் ஒரு மணி இரண்டு நிமிடம். போதவில்லை போல என்று ஐம்பதாக்கினார். ஒரு மணி நான்கு. எழுபதாக்கினார். ஒரு மணி ஏழு.

"இன்னும் கொஞ்சம் பாடுபட்டா நடக்கிறவங்களோட சேர்ந்தே வந்துடலாம்," என்றாள் மனைவி. தையல் கடை வைத்திருப்பவள். வாயும் கத்தரி மாதிரிதான்.

அவள் தம்பி வங்கிக் குமாஸ்தா. அவன் ஐம்பத்தெட்டு நிமிடத்தில் ஓடுகிறவன்.

"மாமா, நான் மூணு நாள்தான் ஓடறேன். மத்த நாள் நீச்சல், சைக்கிள். கிராஸ் ட்ரெய்னிங்னு பேரு."

"டேய், தண்ணிக்குள்ள கையை ஆட்டினா தரையில கால் வேகமாயிடுமா?"

மனைவி குறுக்கிட்டாள். "மூணு வருஷமா நாலரை மணி அலாரம் எனக்கும் சேர்த்துத்தான் அடிக்குது. தம்பி சொல்றபடி செய்ங்க. இந்த வருஷமும் ஒரு மணிக்குள்ள வரலேன்னா ஷூ பரணுக்குப் போயிடும். சரியா?"

சரி என்றார். வேறு வழியில்லை.

அலுவலகத்திலிருந்து ஒரு பரிசோதனை அட்டையைக் கொண்டுவந்து சமையலறைச் சுவரில் ஒட்டினார். தேதி, செய்த வேலை, பரிசோதித்தவர் கையெழுத்து. மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் சைக்கிள், ஒரு நாள் நீச்சல். எழுதாமல் எதையும் செய்வதில்லை. ஆனாலும் ஆறு வாரம் கழித்து முழங்கால் கிரீச்சிட்டது, வேகம் இம்மியும் ஏறவில்லை.

ஒரு மாலை வேலைக்குப் போடும் கால்சட்டை தொடையில் கிழிந்துபோய் வந்து நின்றார். மனைவி டேப்பை எடுத்தாள்.

"இடுப்பு ரெண்டு இன்ச் குறைஞ்சிருக்கு. தொடை மட்டும் ஒன்றரை ஏறியிருக்கு. வெளியில வேற என்ன பண்றீங்க?"

"வேலைதான். படி ஏறுவேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை மாடி?"

விரல் விட்டு எண்ணினார். "எண்பது... நூறு இருக்கும்."

"இதை ஏன் அட்டையில எழுதல?"

"அது வேலையாச்சே. பயிற்சியா என்ன?"

"அது உங்க காலுக்குத் தெரியுமா?"

மறுநாளிலிருந்து 'படிக்கட்டு' லிப்டில் ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் இறங்கி, கதவில் காது வைத்து, மறுபடி ஏறி. இந்த அதிசயத்தைப் பார்க்கச் சக ஊழியர்கள் இரண்டு பேர் சாப்பாட்டு இடைவேளையில் வந்தார்கள். ஒரு மாதத்தில் முழங்கால் வாயை மூடிக்கொண்டது.

பந்தய நாள் காலை ஒன்பதாவது மாடி வீட்டிலிருந்து கிளம்பினார்கள். கால் பழக்கத்தில் படிப்பக்கம் திரும்பியது. மனைவி சட்டையைப் பிடித்து லிப்டுக்குள் இழுத்தாள். ஐந்தாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் அது நின்றது.

அவள் சுவரில் ஒட்டியிருந்த அவசர உதவி எண்ணைப் பார்த்துத் தன் போனில் அழுத்தினாள். பக்கத்தில், கணவரின் பையில் மணியடித்தது. அவர் எடுத்து, "லிப்ட் சர்வீஸ். எந்த மாடி?" என்றார்.

"உங்க பக்கத்துல!"

இந்தக் கட்டடமும் அவர் பொறுப்புதான். மூன்று வாரத்துக்கு முன்பே இந்த லிப்டைப் பரிசோதித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் நீச்சல் குளத்தில் இருந்தார். அதை இப்போது சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்.

அன்று டூட்டியில் இருந்த சக ஊழியரைக் கூப்பிட்டார். உள்ளே எகிறிக் குதித்துக்கொண்டிருந்த கணவரை மனைவி தரையில் உட்கார வைத்தாள். "காலை நீட்டுங்க. பேசாதீங்க." இருபத்தைந்து நிமிடம். வந்தவர் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்து, "படிக்கட்டு அண்ணே, நீங்களா?" என்று ஆசை தீரச் சிரித்துவிட்டுத்தான் திறந்தார்.

பந்தய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் ஓடத் தொடங்கி எட்டு நிமிடம் ஆகியிருந்தது. நல்லவேளை, ஷூவில் கட்டிய மின்னணுச் சில்லு அவரவர் கோட்டைத் தாண்டும் நேரத்திலிருந்துதான் கணக்கு வைக்கும். காலிச் சாலையில் தனியாகக் கிளம்பினார். இரண்டாவது கிலோமீட்டரில் நடப்பவர்களைப் பிடித்தார், ஐந்தாவதில் பேசிக்கொண்டே ஓடுகிறவர்களை. முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐம்பத்தொன்பது நிமிடம், நாற்பத்தாறு வினாடி.

வீடு திரும்பியபோது லிப்டில் 'பழுது' அட்டை தொங்கியது. ஒன்பது மாடியும் ஏறினார்கள். மூச்சு வாங்க உள்ளே நுழைந்த மனைவி நேராகச் சமையலறைக்குப் போய் எழுதினாள்: 'பத்து கிலோமீட்டர். லிப்டில் சும்மா உட்கார்ந்தது, இருபத்தைந்து நிமிடம். படி, ஒன்பது மாடி.'

பரிசோதித்தவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.