சிவந்த கண்ணோடு ஒரு கிராமசபை

நான் ஊராட்சித் தலைவராக இருந்தபோது என் வலது கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். "கண்ணுக்கா, கண்ணுக்குள்ளயா?" என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்குள்தான்.

எங்கள் ஊர் செவிலிமேட்டைத் தாண்டி, பாலாற்றுப் பக்கம். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு தேர்தலில் தலைவர் பதவியைப் பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். என் கணவரும் அவருடைய தம்பியும் கூடிப் பேசி என்னை நிறுத்தினார்கள். கையெழுத்து என்னுடையது, பதவி அவர்களுடையது என்று நினைத்துக்கொண்டார்கள். கொழுந்தனாரும் ஒரு வார்டில் ஜெயித்துத் துணைத் தலைவரானார். ஆனால் நான் பத்தாவது பாஸ் செய்தவள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். இரண்டு பேருக்கும் அது சீக்கிரமே புரிந்துவிட்டது.

ஒரு நாள் காலை ஆபீசில் உட்கார்ந்து ஒரு மனுவைப் படித்துக்கொண்டிருந்தேன். குடிதண்ணீர்க் குழாய் வேண்டுமென்று காலனித் தெருப் பெண்கள் கொடுத்தது. வரியின் இரண்டு ஓரமும் தெரிந்தன. நடுவில் ஓரிடம் மட்டும் எண்ணெய் சிந்திய காகிதம் மாதிரி மங்கிக் கிடந்தது. கண்ணாடியைத் துடைத்தேன். மனுவை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தேன். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் எழுத்துகள் நெளிந்தன. வலது கண்ணைப் பொத்தினேன். எழுத்தே இல்லை, ஒரே புகை. எத்தனை நாளாக நான் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கணவர் அழைத்துப்போனார். கையில் மஞ்சள் மருந்தை ஏற்றிக் கண்ணைப் படம் பிடித்தார்கள். இன்னொரு மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி, கண்ணின் உட்பக்கத்தைத் திரையில் காட்டினார்கள். மண்ணை வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியுமே, அப்படி இருந்தது. நடுவில் மட்டும் மேடு தட்டியிருந்தது.

டாக்டர் என்னைவிடச் சின்னவர். "சர்க்கரையால வந்ததும்மா. விழித்திரை நடுவுல நீர் கோத்துக்கிட்டு வீங்கியிருக்கு. இடது கண்ணுல ரத்தம் கசிஞ்சு தழும்பே ஆயிடுச்சு, அதுல பெரிசா ஒண்ணும் செய்ய முடியாது. வலது கண்ணக் காப்பாத்தலாம். உள்ள ஊசி போடணும். ஒண்ணோட முடியாது, திரும்பத் திரும்ப போட வேண்டி வரும். சர்க்கரையையும் நீங்க குறைக்கணும்."

"படிக்க முடியுமா?"

"இருக்கறது போகாம நிறுத்தறதுதான் முதல் வேலை. கொஞ்சம் திரும்பவும் கிடைக்கலாம். ஆனா உறுதி சொல்ல மாட்டேன்."

உறுதி சொல்ல மாட்டேன் என்று அவர் சொன்னதால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது. கொழுந்தனார் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். "அண்ணி, கண்ணுல போயி ஊசி குத்துவாங்களா? எதுனா ஆச்சுன்னா இருக்கறதும் பூடும். ஓரிக்கைப் பக்கம் ஒருத்தர் தழை சாறு புழியறாராம், அங்க போலாம். நீங்க ஊட்ல ரெஸ்ட் எடுங்க. பேப்பர் எல்லாத்தையும் நானே எடுத்தாறேன். எந்த எடம்னு விரல வச்சிக் காட்டறேன், நீங்க கையெழுத்து போட்டா போதும்."

என் கணவர் வெற்றிலையை மென்றபடியே, "அவன் சொல்றதும் சரியாத்தான் இருக்குது" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பார்வை போய்விடுமோ என்கிற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அந்த விரலைப் பற்றிய பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மெயின் தெருவில் எங்கள் வீட்டு வாசலோடு குழாயை நிறுத்திவிட வேண்டும், காலனிக்குப் போகக் கூடாது என்று கொழுந்தனார் ஒவ்வொருவரிடமும் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

"நீங்க காட்டற எடத்துல போடறதுக்கு என் கை எதுக்குங்க? ரப்பர் ஸ்டாம்பு போதுமே, செஞ்சி வச்சிக்குங்க" என்றேன். "ஊசி போட்டுக்கத்தான் போறேன். யாரும் வராட்டி நானே பஸ் ஏறிப் போறேன்."

கணவர் வரவில்லை. காலனி வார்டு மெம்பர் வந்தாள். முன்பு எங்கள் நிலத்தில் கரும்பு வெட்டியவள். இப்போது கூட்டங்களில் எனக்கு எதிரே நாற்காலியில் உட்காருவாள். அந்த நாற்காலியும் கொழுந்தனார் கண்ணை உறுத்தியது. "ஊட்டுக்காரர் வராட்டி இன்னா தலைவரம்மா, நான் வரேன்" என்று விடிந்தும் விடியாமலும் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாள்.

ஊசிக்குக் கிடைத்த தேதி கிராமசபைக்கு முந்தின நாள். இரண்டில் ஒன்றைத் தள்ளிப் போடு என்று ஊரில் சொன்னார்கள். இரண்டையும் தள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சம்மதக் காகிதத்தைக் கொண்டுவந்து, "இங்க போடுங்கம்மா" என்று விரலை வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சிக் காட்டும்மா" என்றேன். அலுத்துக்கொண்டாலும் முழுசாகப் படித்தாள். அரிதாகக் கிருமி தொற்றலாம், ரத்தம் கசியலாம், பார்வையே குறையலாம் என்றெல்லாம் இருந்தது. கேட்டுவிட்டுப் போட்டேன்.

சொட்டு மருந்து விட்டு விட்டுக் கண் மரத்துப்போனது. முகத்தைத் துணியால் மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டார்கள். இமைகளை ஏதோ ஒரு கம்பி பிரித்துப் பிடித்தது. மூட வேண்டும் என்று கண் தவிக்கிறது, மூட முடியவில்லை. அதுதான் கொடுமை, ஊசி அல்ல. "மேல பாருங்க, அசையாதீங்க" என்றார் டாக்டர். ஒரு அழுத்தம். கட்டைவிரலால் கண்ணை உள்ளே தள்ளின மாதிரி. உடனே கறுப்பு முத்துகள் கண்ணுக்குள் மிதந்து உருண்டன.

"எத்தனை விரல்?"

"மூணு."

"முடிஞ்சதும்மா."

இவ்வளவுதானா என்று இருந்தது. வெளியே வந்தபோது மெம்பர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கைதான் சில்லிட்டுக் கிடந்தது.

மறுநாள் காலை கண்ணில் போட்டிருந்த கட்டைப் பிரித்துக் கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளை விழியில் ஊசி இறங்கிய பக்கம் செக்கச் செவேலென்று இருந்தது. இது தானாகக் கரைந்துவிடும், வலி வந்தால் மட்டும் உடனே ஓடி வர வேண்டும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, தூசிக்காகக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன்.

சாமியானாவுக்குக் கீழே என் நாற்காலியில் கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார். கையில் மைக். "தலைவருக்குக் கண்ணு சரியில்ல. ஆப்பரேசன் ஆயிருக்குது. அதனால இந்தக் கூட்டத்த நான் நடத்தறேன்."

நடந்து நேரே அவர் எதிரில் போய் நின்றேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். முன்வரிசைப் பெண்கள் "ஐயோ" என்றார்கள்.

"கண்ணுதான் சிவந்துருக்குது. காதும் வாயும் நல்லாத்தான் இருக்குது. எழுந்திருங்க, அது என் நாற்காலி."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் அண்ணனைத் தேடினார். என் கணவர் கடைசியில், மரத்தடியில் நின்றிருந்தார். வெற்றிலையைத் துப்ப அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொழுந்தனார் எழுந்தார்.

கிளார்க்கைத் தீர்மானங்களை உரக்கப் படிக்கச் சொன்னேன். குழாய் விஷயம் வந்தபோது அவர் குரல் வேகமெடுத்தது.

"நிறுத்துங்க. திருப்பிப் படிங்க."

படித்தார். மெயின் தெரு வரை என்று இருந்தது.

"காலனித் தெரு?"

"அது அடுத்த கட்டத்துல பார்த்துக்கலாம்னு துணைத் தலைவர்..."

"இந்தக் கட்டத்துலயே எழுதுங்க. இங்க, எல்லாரும் பாக்கற மாதிரி எழுதுங்க. எழுதி முடிச்சதும் இன்னொரு தபா படிங்க."

கொழுந்தனார் எழுந்து, "நம்ம தெருவுக்கே தண்ணி பத்தல, ஊரான் தெருவுக்கு இன்னா?" என்று கத்தினார். "அதுவும் நம்ம ஊருதான்" என்று மெம்பர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். கை தூக்கச் சொன்னேன். பெண்கள் பக்கம் கைகள் முதலில் எழுந்தன. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மரத்தடியிலிருந்து ஒரு கை மெதுவாக உயர்ந்தது. அந்தச் சட்டையை நான்தான் காலையில் தேய்த்துக் கொடுத்திருந்தேன்.

அவர் ஏன் தூக்கினார் என்று இதுவரை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அடுத்த ஊசிக்கு என்னோடு வந்தார். நான் வெளியே வரும்போது பெஞ்சில் தலைசுற்றிப் படுத்துக் கிடந்தார், நர்ஸ் சோடா கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பல ஊசிகளுக்குப் பிறகு வலது கண்ணால் பேப்பர் படிக்க முடிந்தது. கொட்டை எழுத்து மட்டுமில்லை, சின்ன எழுத்தும். இடது கண் திரும்பவில்லை. அதில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். காலனித் தெருவுக்குத் தண்ணீர் வந்தது. கொழுந்தனார் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அடுத்த தேர்தலில் தலைவர் பதவி பொதுவானது. என்னை யாரும் நிறுத்தவில்லை, நானே நின்றேன். எதிரில் நின்றவர் கொழுந்தனார், ஜெயித்தவரும் அவர்தான். ஓட்டு எண்ணி முடித்த இடத்தில் அவர் எனக்குக் கும்பிடு போட்டார். நானும் போட்டேன். அதற்குப் பிறகும் எந்தக் கிராமசபையையும் நான் விட்டதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, "திருப்பிப் படிங்க" என்பேன். படித்தாக வேண்டும்.

ஊசி இன்னும் நிற்கவில்லை. வீக்கம் வந்தால் போகிறேன். போன தடவை பக்கத்தில் என் வயசுக்காரி ஒருத்தி, புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட வந்த மகன், "வாணாம்மா, போயிடலாம். இந்த வயசுல உனுக்குக் கண்ணு தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது?" என்று தோளை உலுக்கினான்.

அவள் என்னைப் பார்த்தாள். "வலிக்குமாக்கா?"

"அழுத்தும். அன்னிக்கு ராத்திரி மண்ணு விழுந்தாப்பல உறுத்தும்" என்றேன். பிறகு அவள் மகன் பக்கம் திரும்பினேன். "இன்னா ஆவப்போவுதுன்னு நீ கேக்காத தம்பி. கண்ணு அவங்களுது."

அவள் தலைப்பை உதறி விட்டுக்கொண்டு எழுந்தாள். "நீ போயி டீ குடிச்சிட்டு வா" என்று மகனிடம் சொல்லிவிட்டு, நர்ஸ் நின்ற கதவைப் பார்த்து நடந்தாள்.