அக்கா விழுங்காத மாத்திரை

ராபர்ட்சன்பேட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜூஸ் கடையில் வைத்துத்தான் அக்காவிடம் அவளுடைய ரத்தப் புற்றுநோயைப் பற்றி விளக்கினேன். எலும்பு மஜ்ஜையில் உள்ள அணுக்களுக்கு எப்போது வளரவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்று சேதி சொல்லும் புரதங்கள் உண்டு. உன் உடம்பில் அப்படி ஒரு புரதம் 'வளர்' என்பதை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது என்றேன். சின்ன வயதில் கேட்ட எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்துச் சங்கு ஓயாமல் ஊதுவதுபோல. அதைக் கேட்டு வெள்ளணுக்கள் பெருகுகின்றன. மஜ்ஜையின் பிடியை உதறிவிட்டு, முதிராமலே ரத்தத்தில் இறங்கி மண்ணீரல்வரை போகின்றன. தினமும் ஒரு மாத்திரை அந்தப் புரதத்தை அடக்கிவைக்கும். அக்கா ஸ்ட்ராவைக் கசக்கியபடி, "அப்போ சாவமாட்டேன் இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

பெங்களூரில் நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் அந்தப் புரதத்தைத்தான் ஆராய்கிறோம். அதனால் அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப்போவது என் பொறுப்பாயிற்று. முதலில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. பிறகு ஏறத் தொடங்கியது. புரதம் உருமாறி மருந்துக்குத் தப்பிவிட்டதோ என்று பயந்து, கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்தேன். மரபணுச் சோதனையில் மாற்றம் எதுவும் இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று மருத்துவர் கேட்டபோது அக்காவைப் பேசவிடாமல் நானே கோபமாக, ஒருநாள்கூடத் தவறியதில்லை என்றேன். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெங்களூரிலிருந்து திரும்பும் ரயிலில், பங்காருபேட்டை தாண்டியதும் சொன்னாள். குழந்தை வேண்டும் என்று மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். மாமாவுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் எங்களுக்குச் சோறு கட்டிக்கொடுத்து அனுப்பிய அம்மாவுக்கும் தெரியும்.

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"உங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? வேணான்னுதான் சொல்லுவே. உனுக்கு என் ரத்தம்தான் தெரியுது. நான் தெரியல."

நோய் நன்றாக அடங்கியபின் மருத்துவரின் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்திக் குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல எனக்கு அன்று மனம் வரவில்லை. ஆண்டர்சன்பேட்டையில் அவளை வீட்டில் விட்டுவிட்டு, உள்ளே போகாமல் திரும்பினேன்.

குழந்தை தங்கவில்லை. இப்போது வேறு மாத்திரை, எண்கள் இறங்கிவருகின்றன. தினமும் சாயங்காலம் போன் செய்து, "போட்டுக்கினேன்" என்கிறாள். சரி என்கிறேன். ஆனால் அவள் சொல்வதை நம்ப, அடுத்த ரத்தப் பரிசோதனைவரை காத்திருக்கிறேன்.